கை நம்பிவிடும், மலர்

பெங்களூரு,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மலருக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே நானும் மாமாவும் நலம். சின்னவனுக்குச் சளி விட்டுவிட்டது, பள்ளிக்கூடம் போகிறான். கோவையில் நீ பார்த்திருக்கும் வீட்டில் தண்ணீர் ஒழுங்காக வருகிறதா, ராத்திரிச் சாப்பாட்டுக்கு என்ன செய்கிறாய் என்று அம்மா என்னிடமே கேட்டுக்கொண்டிருக்கிறாள். ஒரு நாள் நிதானமாகக் கூப்பிட்டு அவளிடம் நீயே சொல்லிவிடு.

நீ கேட்டதற்கு போனில் பதில் சொன்னால் பாதியில் நின்றுவிடும் என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன். உங்கள் பேமென்ட் ஆப்பில் அதிர்வு வேலை முழுவதையும் உன் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள் என்று கேட்டதும் எனக்கு ரொம்ப சந்தோஷம். பெரிய டீம்களிலேயே இதைக் கடைசி வாரத்தில் யாராவது ஒருவர் தலையில் கட்டுவதுதான் வழக்கம். ‘எல்லா பட்டனுக்கும் ஒரு வைப்ரேஷன் போட்டுவிடு, ஆப் உயர்தரமாகத் தெரியும்’ என்று உங்கள் ஆட்கள் சொல்வதாகவும், எங்கெங்கே போடலாம் என்று ஒரு பட்டியல் வேண்டும் என்றும் கேட்டிருந்தாய். பட்டியல் பிறகு தானாக வரும். அதற்கு முன்னால் ஒரு கேள்வியை நீ தீர்த்துக்கொள்ள வேண்டும்: என்ன நடந்து முடிந்த பிறகு அந்த அதிர்வு வர வேண்டும்?

இதை ஏன் முதலில் வைக்கிறேன் என்றால், கை ரொம்ப சீக்கிரம் நம்பிவிடும். உன் ஆபீஸ் மேக்புக்கை முழுதாக ஷட் டவுன் செய்துவிட்டு டிராக்பேடை அழுத்திப் பார். கிளிக் வராது. வெறும் கண்ணாடிதான் விரலுக்குத் தட்டுப்படும். 2015-இல் தொடங்கி வந்த பெரும்பாலான மாடல்களில் அந்தப் பலகை கீழே இறங்குவதே இல்லை. விரல் எவ்வளவு அழுத்துகிறது என்று சென்சார்கள் அளக்கின்றன. குறிப்பிட்ட அளவைத் தாண்டியதும் உள்ளே இருக்கும் மின்காந்தம் பலகையைப் பக்கவாட்டில் ஒரு துளி அசைக்கிறது. விரலோ அதை ‘கீழே இறங்கி மேலே வந்தது’ என்று எடுத்துக்கொள்கிறது. அடுத்த வருஷம் ஐபோன் 7-இல் ஹோம் பட்டனையும் இப்படியே ஆக்கினார்கள். போனை அணைத்துவிட்டால் அது அசையாத ஒரு வட்டம். இவ்வளவும் தெரிந்த பிறகு நீ லேப்டாப்பை ஆன் செய்து அழுத்தினாலும், கிளிக் கீழ்நோக்கிப் போனதாகத்தான் உன் விரல் சொல்லும். விஷயம் தெரிந்துவிட்டது என்பதற்காகக் கை நம்புவதை நிறுத்தாது.

திரையில் வரும் எழுத்தை நாம் மறுபடி படிக்கிறோம். காதில் விழுந்ததை ‘என்ன சொன்னாய்’ என்று திருப்பிக் கேட்கிறோம். கையில் பட்டதை அப்படிச் சரிபார்க்கிற பழக்கம் நமக்கு இல்லை. அந்த நம்பிக்கைதான் உன் வேலைக்கு முதல். அதை எடுத்துச் செலவு செய்யும்போது கவனமாக இருக்க வேண்டும்.

உங்கள் ஆப்பையே எடுத்துக்கொள்வோம். காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் ஒருவர் டீ குடித்துவிட்டு க்யூஆர் கோடை ஸ்கேன் செய்கிறார். தொகையைப் போடுகிறார். பின் நம்பர் கேட்கும் பக்கம் உங்களுடையதே அல்ல, வங்கிகளுக்கு இடையே பணத்தைக் கொண்டுசேர்க்கும் அமைப்பான என்பிசிஐ கொடுத்த பக்கம். அதில் நீ கை வைக்க முடியாது. அவர் பின்னை அடித்து முடித்ததும் கோரிக்கை என்பிசிஐ வழியாக அவருடைய வங்கிக்குப் போய், அங்கே பணம் கழிந்து, கடைக்காரரின் வங்கியில் சேர்ந்து, பதில் திரும்பி உங்கள் ஆப்புக்கு வர வேண்டும். பெரும்பாலும் சில வினாடி வேலை. சில சமயம் பதில் வருவதற்கு நேரம் பிடிக்கும். சில சமயம் ‘நிலுவையில் உள்ளது’ என்று நின்றுவிடும்.

இப்போது சொல், அதிர்வை எங்கே வைப்பாய்? பின்னை அடித்து முடித்ததும் வைத்தால் ஆப் வேகமாக இருப்பதாகத் தோன்றும். நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் இதையே பிடிவாதமாகக் கேட்டார்கள். சர்வர் பதில் வருவதற்குள் வெற்றிக்கான அதிர்வை அடித்துவிட வேண்டும், நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது தடவை பணம் போய்விடத்தான் போகிறது என்பது அவர்கள் வாதம். நான் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை, இன்றைக்கும் ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்த மிச்சம் ஒரு தடவையில் என்ன நடக்கும் என்று யோசி. போன் கையில் தட்டியதும் அந்த மனிதர் திரையைப் பார்க்காமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸைப் பார்த்து நடக்கிறார். பணம் வந்ததைக் குரலில் அறிவிக்கும் கடைக்காரரின் சவுண்ட் பாக்ஸ் பேசவில்லை. ‘அண்ணே, காசு வரலை’ என்று பின்னாலிருந்து சத்தம் வருகிறது. ‘போட்டேனே’ என்கிறார் இவர். நாலு பேர் திரும்பிப் பார்க்கிறார்கள். போன விஷயம் பதினைந்து ரூபாயாக இருக்கலாம். பொய் சொல்கிறவர் போல அத்தனை பேர் நடுவில் அவர் நிற்க வேண்டியிருக்கிறது, அது பதினைந்து ரூபாயில் அடங்காது. கையில் பட்டதை நம்பியது ஒன்றுதான் அவர் செய்தது.

ஆகவே உங்கள் ஆப்பில் வெற்றி அதிர்வு வங்கியிலிருந்து உறுதியான பதில் வந்த பிறகுதான் வர வேண்டும், ஒரு கணம்கூட முன்னால் கூடாது. தோல்விக்கும் அப்படியே. நிலுவைதான் சிக்கலானது. உன் டீமில் இதற்கு மூன்றாவதாக ஓர் அதிர்வு கேட்பார்கள். என் அபிப்பிராயம், நிலுவைக்குக் கையில் எதுவும் தட்டக் கூடாது. அவசரத்தில் இருப்பவருக்குப் பணம் அனுப்பிய பிறகு வருகிற எந்தத் தட்டலும் ‘முடிந்தது’ என்றுதான் படும். எதுவும் வராமல் இருந்தால்தான் அவர் திரையைத் திரும்பிப் பார்ப்பார். இதற்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. திரையை வாசித்துச் சொல்லும் டாக்பேக்கோ வாய்ஸ்ஓவரோ ஓடிக்கொண்டிருக்கிற போனில், அதுவும் பயன்படுத்துபவர் தானே கேட்டுக்கொண்டால், ‘இன்னும் நடந்துகொண்டிருக்கிறது’ என்பதற்குச் சில வினாடிக்கு ஒரு மெல்லிய துடிப்பு கொடுக்கலாம். பார்வையும் கேட்பும் இல்லாதவருக்கு மௌனத்துக்கும் ஆப் செத்துப்போனதற்கும் வித்தியாசம் தெரிய வேறு எளிய வழி இருக்காது.

இனி, தட்டல் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு வருகிறேன். அதற்குத் தோலைக் கொஞ்சம் தெரிந்துவைத்துக்கொள்.

விரல் நுனியில் மேல்தோலுக்குச் சற்றுக் கீழே மெய்ஸ்னர் நுண்ணுறுப்புகள் இருக்கின்றன. வினாடிக்கு 10 முதல் 50 வரையான மெதுவான படபடப்பை அவை நன்றாகப் பிடிக்கும். இன்னும் ஆழத்தில், வெங்காயம் போல அடுக்கடுக்காக உறை மூடிய பசீனியன் நுண்ணுறுப்புகள். இத்தாலியரான பிலிப்போ பசீனியின் பெயர் அது. போனின் அதிர்வை நமக்குச் சொல்வது பெரும்பாலும் இவைதான். வினாடிக்குச் சுமார் 250 அதிர்வுகளில் இவற்றின் கூர்மை உச்சத்தில் இருக்கும். அந்த இடத்தில் ஒரு மைக்ரானுக்கும் குறைவான அசைவைக்கூட உணர்ந்துவிடும். நிலையான அழுத்தத்தை அந்த அடுக்குகள் வடிகட்டிவிடுவதால் மாற்றம் மட்டுமே நரம்புக்குப் போகிறது. அதனால்தான் கையில் போனைப் பிடித்திருப்பதே நமக்கு மறந்துபோகிறது, ஆனால் அது லேசாகத் தட்டினால் உடனே தெரிகிறது. அதிர்வு நீண்டுகொண்டே போனாலும் தோலின் கூர்மை மழுங்கிவிடும். நீளமாக அடித்தால் நன்றாகத் தெரியும் என்று நினைக்கிறவர்களுக்கு இதைச் சொல்.

பசீனியன் உறுப்பு ஒவ்வொன்றும் கையில் பெரிய பரப்பிலிருந்து வரும் அதிர்வை வாங்கிக்கொள்கிறது. அதிர்வு எந்த இடத்தில் பிறந்தது என்று அதற்குச் சொல்லத் தெரியாது. போனும் முழு உடம்போடு அதிர்கிறது. ஆகவே இடப்பக்கம் அதிர்ந்தால் ஒன்று, வலப்பக்கம் அதிர்ந்தால் இன்னொன்று என்கிற யோசனைகளை விட்டுவிடு. உன் கையில் மிஞ்சுவது வலிமை, கூர்மை, தாளம் மூன்றும்தான்.

அதிலும் முதல் இரண்டு எல்லா போனிலும் கிடைக்காது. விலை குறைந்த போன்கள் பலவற்றில் இருப்பது பழைய வகை மோட்டார். சின்னஞ்சிறு மோட்டாரின் அச்சில் ஒரு பக்கம் மட்டும் கனமான துண்டு மாட்டியிருக்கும், அது சுற்றும்போது போன் குலுங்கும். சுழற்சி வேகமெடுக்கவே 50 மில்லிசெகண்ட் அல்லது அதற்கு மேல் ஆகும். நிறுத்தச் சொன்ன பிறகும் கொஞ்சம் சுற்றும். வேகமும் வலிமையும் ஒன்றோடொன்று கட்டுண்டவை, ஒன்றை விட்டு ஒன்றை மாற்ற முடியாது. இன்னொரு வகையில் ஸ்பிரிங்கில் நிற்கும் ஓர் எடையைக் காந்தச் சுருள் முன்னும் பின்னும் தள்ளும். வினாடிக்கு 150 முதல் 200-க்குச் சற்று மேல்வரை ஏதாவது ஒரு அதிர்வெண்ணுக்கு அதைச் சுருதி சேர்த்து வைத்திருப்பார்கள். அது சட்டென்று எழும், சட்டென்று அடங்கும். ஆப்பிள் டாப்டிக் என்ஜின் என்று பெயர் வைத்திருப்பது இந்தக் குடும்பம்தான்.

இதில் உனக்கு முக்கியமான கணக்கு ஒன்று இருக்கிறது. பட்டனைத் தொட்டதற்கும் அதிர்வு வருவதற்கும் இடையில் சுமார் 50 மில்லிசெகண்டுக்கு மேல் போனால், ‘என் விரல்தான் இதைச் செய்தது’ என்ற உணர்வு தளர ஆரம்பிக்கும். பழைய மோட்டாருக்கு எழுந்திருக்கவே அவ்வளவு நேரம் ஆகிறது. ஆகவே எண் பலகையின் ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு சின்ன டிக் என்று உங்கள் ஆட்கள் கேட்பது அந்த போன்களில் நடக்காது. தொகையை வேகமாக அடிக்கும்போது ஒவ்வொரு அதிர்வும் அடுத்த எண்ணின் மேல் வந்து விழும். நல்ல மோட்டார் இருக்கிற போனில் வை, மற்றதில் விட்டுவிடு. பணம் போய்ச் சேர்ந்த செய்திக்கு இந்தச் சங்கடமே கிடையாது. அது விரலின் அசைவுக்குப் பதில் அல்ல, வங்கியின் பதில். அதற்கு எவ்வளவு மலிவான மோட்டாரும் போதும். உங்கள் ஆப்பில் எது தேவையோ அதை எளிய போனும் செய்யும், எது ஆடம்பரமோ அதைத்தான் அந்த போனால் செய்ய முடியவில்லை. எனக்கு இதில் பெரிய நிம்மதி.

கோடு பக்கம் உனக்கே தெரியும், சுருக்கமாகச் சொல்கிறேன். ஐபோனில் 2016 முதல் வெற்றி, எச்சரிக்கை, பிழை என்று தயாராக மூன்று இருக்கின்றன. அவை போதும். 2019-இல் வந்த கோர் ஹாப்டிக்ஸில் வலிமையையும் கூர்மையையும் நீயே எழுதலாம், ஆனால் உங்களுக்கு அது தேவைப்படாது. பதில் வரப்போகிறது என்று தெரிந்ததும் என்ஜினை முன்கூட்டியே எழுப்பிவைக்கும் அழைப்பை மறந்துவிடாதே. ஆண்ட்ராய்டு 11-இலிருந்து உறுதி, மறுப்பு என்று இரண்டு தயார் அதிர்வுகள் உண்டு. இருக்கிற இடத்தில் அவற்றையே எடு. வேறு ஆப்களில் பயன்படுத்துபவரின் கை ஏற்கனவே கற்றுக்கொண்டது உனக்கும் உதவும், அவர் தொடு அதிர்வை அணைத்து வைத்திருந்தால் அதுவும் மதிக்கப்படும். பழைய ஆண்ட்ராய்டில் நீயே அலைவடிவம் எழுத வேண்டும். வலிமையைக் கூட்டிக் குறைக்க முடியுமா என்று போனிடம் கேட்க ஒரு வழி இருக்கிறது. ‘முடியாது’ என்று பதில் வந்தால் நீ 40 கொடுத்தாலும் 255 கொடுத்தாலும் மோட்டார் ஒரே பலத்தில்தான் சுற்றும். 20 மில்லிசெகண்ட் துடிப்பெல்லாம் அங்கே வெளியே தெரியாமலே போகும்.

அதனால் தாளத்தை நம்பு. வெற்றிக்கு ஒரு குறில், சின்ன இடைவெளி, ஒரு நெடில். தோல்விக்கு ஒரே அளவில் மூன்று, இடையில் தெளிவான இடைவெளியோடு. 60, 100, 150 மில்லிசெகண்ட் என்று வைத்து ஆரம்பி, மலிவான போனைக் கையில் பிடித்துக்கொண்டு மாற்றிக்கொண்டே போ. வலிமை ஒன்றாகவே இருந்தாலும் இந்த இரண்டும் ஒன்றோடொன்று குழம்பாது. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் பிரூஸ்டரும் லோர்னா பிரவுனும் 2004-இல் ‘டாக்டான்’ என்று பெயரிட்டு, அதிர்வால் ஆன சிறு சின்னங்களை ஆராயத் தொடங்கினார்கள். அந்த ஆராய்ச்சியிலும் அதிர்வின் சொரசொரப்பைவிடத் தாளத்தைத்தான் மக்கள் நன்றாகப் பிரித்தறிந்தார்கள்.

மூன்றுக்கு மேல் அர்த்தம் வைக்காதே என்றும் சொல்ல வேண்டும். தோலால் எவ்வளவோ கற்றுக்கொள்ள முடியும் என்பது உண்மை. அமெரிக்காவில் ஃபிராங்க் கெல்டார்ட் என்ற உளவியலாளர் மார்பில் ஐந்து அதிர்விகளைக் கட்டி, மூன்று வலிமை, மூன்று நீளம் என்று கலந்து 45 குறிகள் கொண்ட ஒரு மொழியையே உண்டாக்கினார். 1957-இல் அதைப் பற்றி எழுதினார். பயிற்சி பெற்றவர்கள் அதில் வாக்கியங்களைப் ‘படித்தார்கள்’. ஆனால் அவர்கள் அதற்காகவே உட்கார்ந்து பயின்றவர்கள். டீக்கடையில் நிற்பவர் உங்களுக்காகப் பயிற்சி எடுக்க வரமாட்டார். 2015-இல் வந்த ஆப்பிள் வாட்ச், வலப்பக்கம் திரும்ப வேண்டுமென்றால் சீராகப் பன்னிரண்டு தட்டியது, இடப்பக்கம் என்றால் இரண்டிரண்டாக மூன்று தடவை தட்டியது. அழகான யோசனை. ஆனாலும் எது எந்தப் பக்கம் என்று யாராவது சொல்லிக்கொடுத்தால்தான் தெரியும். வெற்றியும் தோல்வியும் சொல்லிக்கொடுக்காமலே புரிய வேண்டும்.

அப்பாவைப் பற்றி ஒன்று சொல்கிறேன், பயப்படாதே. போன தடவை சர்க்கரைக்குப் பார்க்கப் போனபோது டாக்டர் ஓர் இசைக்கவையைத் தட்டி அவர் கால் கட்டைவிரலில் வைத்து, ‘அதிர்வு எப்போது நிற்கிறது என்று சொல்லுங்கள்’ என்றார். 128 ஹெர்ட்ஸ் கவை அது. சர்க்கரை நரம்பைப் பாதிக்கிறதா என்று பார்க்கிற சோதனைகளில் ஒன்று. பெரும்பாலும் காலில் தொடங்கும், முற்றினால் கைக்கும் வரும். அப்பாவுக்குக் கவலைப்படும்படி ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் நான் அங்கே உட்கார்ந்து நம் வேலையைத்தான் நினைத்தேன். சர்க்கரை இல்லாவிட்டாலும் வயது ஏற ஏற இந்த உயர் அதிர்வை உணரும் கூர்மை குறைந்துகொண்டே வரும். உங்கள் டீமில் எல்லோருக்கும் இருபத்தைந்து வயது, எல்லோர் கையிலும் விலை உயர்ந்த போன். அங்கே ‘பளிச்சென்று தெரிகிறது’ என்று முடிவு செய்கிற தட்டல், தடிமனான ஃபிளிப் கவர் போட்ட அப்பா போனில் ஒன்றுமே இல்லாமல் போகலாம்.

பார்வையற்றவர்கள் விஷயத்தில் உன் வேலை இன்னும் பெரியது. நம் பெரிய ரூபாய் நோட்டுகளின் இரண்டு ஓரங்களிலும் புடைத்த சாய்கோடுகள் இருக்கின்றன. இப்போதைய நூறு ரூபாயில் நான்கு, ஐநூறு ரூபாயில் ஐந்து. தடவிப் பார்த்துத் தெரிந்துகொள்வதற்காக வைத்தவை. நோட்டு கைமாறி நைந்துபோனால் கோடும் தேய்ந்துவிடும். 2020 ஜனவரி முதல் தேதி ரிசர்வ் வங்கி ‘மணி’ என்ற ஆப்பை வெளியிட்டது. நோட்டை கேமரா முன்னால் காட்டினால் எத்தனை ரூபாய் என்று குரலில் சொல்லும், பார்வையோடு கேட்பும் இல்லாதவர்களுக்காக அதிர்விலும் சொல்லும். இணைய இணைப்பு தேவையில்லை. அரசு அமைப்பு ஒன்று இவ்வளவு யோசித்துச் செய்ததைப் பார்த்து எனக்கு மனசு நிறைந்தது. இப்போது உங்கள் ஆப்பை நினைத்துப் பார். அதில் போகிற பணத்துக்கு ஓரமும் இல்லை, கோடும் இல்லை. விரலால் தடவிப் பார்த்து ‘இது ஐநூறு’ என்று தெரிந்துகொண்டிருந்த ஒருவரிடமிருந்து அந்த வழியை நாம் எடுத்துக்கொண்டோம். நீ எழுதப்போகிற அந்த இரண்டு துடிப்புகள்தான் அவருக்கு மிஞ்சியிருக்கும் புடைப்பு. அதை எவ்வளவு நேர்மையாக எழுத வேண்டும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

தொகையையும் அதிர்வில் சொல்லலாமா என்று நீ கேட்பாய் என்று தெரியும். முடியும். ஆப்பிள் வாட்ச் மணி என்ன என்பதையே மணிக்கட்டில் தட்டிச் சொல்கிறது, வேண்டுமென்றால் மோர்ஸ் குறியீட்டிலும். ஆனால் அதை விரும்பிக் கேட்பவருக்கான வசதியாக அமைப்புகளுக்குள் வை. எல்லோருக்கும் போட்டால் வெற்றியின் தாளம் அதற்குள் தொலைந்துபோகும்.

கடைக்காரர் பக்க ஆப்பும் உன்னிடம்தான் என்றால் காது கேளாத கடைக்காரரை மறந்துவிடாதே. சவுண்ட் பாக்ஸ் ஊருக்கே கேட்கிற மாதிரி பேசும், அவருக்கு மட்டும் கேட்காது. பணம் வந்ததை அவர் போன் திரையை உற்றுப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. அவர் சட்டைப்பையில் இருக்கும் போன் தட்டினால், டீ ஆற்றிக்கொண்டே தெரிந்துகொள்வார். அங்கேயும் அதே விதி, பணம் அவர் கணக்கில் சேர்ந்த பிறகுதான்.

மறுபக்கத்தையும் பார். சிலருக்கு அதிர்வே ஆகாது. தொடுகை மிகையாகப் படுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள், அணைத்து வைப்பவர்கள் பலர். ஐபோனில் அணுகல்தன்மை பகுதியில் எல்லா அதிர்வையும் மொத்தமாக நிறுத்த ஒரே ஒரு சுவிட்ச் உண்டு. அவர்கள் நிறுத்தியதை நீ சுற்றுவழியில் எழுப்பக் கூடாது. எந்தச் செய்தியும் அதிர்வில் மட்டும் இருக்கக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம். திரையிலும் வேண்டும், சத்தத்திலும் வேண்டும். மூன்றும் ஒரே கணத்தில் வர வேண்டும். ஆப்பிள் 2019 டெவலப்பர் மாநாட்டில் ஹாப்டிக்ஸுக்கு மூன்று அளவுகோல்கள் சொன்னார்கள்: காரணம், இசைவு, பயன். நான் இதுவரை எழுதிக்கொண்டிருந்தது முதலாவதைப் பற்றித்தான், எனக்கு அதுதான் கனமானது. இசைவில் ஒரு சிறு எச்சரிக்கை: ப்ளூடூத் இயர்போன் போட்டிருந்தால் சத்தம் தாமதமாகத்தான் போகும். ஆகவே அதிர்வைத் திரையில் வரும் டிக் அடையாளத்தோடு கட்டு. இன்னொன்று, ஐபோனில் மைக் பதிவு செய்துகொண்டிருக்கும்போது அதிர்வு தானாக நின்றுவிடும், வேண்டுமென்றால் தனியாக அனுமதி எழுத வேண்டும். குரலில் சொல்லிப் பணம் அனுப்பும் வசதி வரப்போகிறது என்றாயே, அப்போது இது உன்னைத் தேடி வரும்.

ஒரு விஷயத்தில் மட்டும் நீ சண்டை போட வேண்டியிருக்கும். கேஷ்பேக், ஸ்கிராட்ச் கார்டு, ‘உங்களுக்கு முன்கூட்டியே அங்கீகரிக்கப்பட்ட கடன்’, இவற்றுக்கெல்லாம் வெற்றியின் அதிர்வையே போடச் சொல்வார்கள். நன்றாக வேலை செய்யும் என்பதால்தான் கேட்பார்கள். விடாதே. பணம் சேர்ந்ததைச் சொல்லும் தாளத்தில் கடன் விளம்பரம் வந்தால், ஒரு வாரத்தில் அந்தத் தாளத்துக்கு அர்த்தம் போய்விடும். இப்போதே பாதி ஜனம் போன் அதிராமலே அதிர்ந்ததாக நினைத்துத் தொடையைத் தடவிப் பார்க்கிறது. தேவையில்லாமல் அவ்வளவு தட்டியிருக்கிறோம். ஆண்ட்ராய்டு 8-இலிருந்து அறிவிப்புகளைத் தனித்தனிச் சேனலாகப் பிரிக்கலாம். பணம் ஒரு சேனல், விளம்பரம் இன்னொரு சேனல், விளம்பரச் சேனலில் அதிர்வே வேண்டாம். சேனலை ஒரு தடவை உருவாக்கிவிட்டால் அதன் அதிர்வை ஆப்பால் பிறகு மாற்ற முடியாது, பயன்படுத்துபவர்தான் மாற்றலாம். முதல் வெளியீட்டிலேயே இதைச் சரியாகப் போட்டுவிட்டால் பின்னால் வருகிறவர்களும் அதில் எளிதாகக் கை வைக்க முடியாது.

சோதனையை ஆபீஸ் மேஜையில் முடித்துவிடாதே. மேஜை மேல் வைத்த போன் மரத்தையும் சேர்த்து அதிரவைத்துப் பெரிதாகக் காட்டும். சட்டைப்பையில், கைப்பையில், ஈரக் கையில் வைத்துப் பார். உக்கடம் போகிற டவுன் பஸ்ஸில் ஏறி, என்ஜின் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பார். உடம்பே அதிர்ந்துகொண்டிருக்கும்போது சின்னத் தட்டல் தெரியவே தெரியாது, ஆனால் ஒரு குறிலும் ஒரு நெடிலும் தெரிகிறதா என்று கவனி. பார்வையற்ற இரண்டு மூன்று பேரையாவது சம்பளம் கொடுத்துக் கூப்பிட்டு உட்காரவை. அவர்கள் சொல்கிறபடி மாற்று. அவர்களிடம் கேட்டதற்கு நன்றி சொல்லி அனுப்பிவிட்டு நீங்கள் நினைத்ததையே வெளியிடாதீர்கள்.

என்னிடம் சும்மா கிடக்கிற நாலைந்து பழைய ஆண்ட்ராய்டு போன்களைப் பார்சலில் அனுப்புகிறேன். எல்லாம் அந்தப் பழைய மோட்டார்தான், இரண்டில் பேட்டரி சீக்கிரம் இறங்கும், சார்ஜில் வைத்துக்கொள். அப்பா போனுக்கு டெஸ்ட் பில்டை நான் போட்டுக்கொடுக்கிறேன், ஊருக்கு இந்த மாதக் கடைசியில் போகிறேன். அதற்கு முன்னால் எனக்கு ஒன்று வேண்டும். பின் நம்பர் அடித்த பிறகு வங்கியிடமிருந்து பதிலே வராமல் போனால் உங்கள் கோடில் எந்த வரி ஓடுகிறது, அந்த வரி அதிர்வைக் கூப்பிடுகிறதா என்று உன் பேக்எண்ட் ஆளோடு உட்கார்ந்து பார்த்து, அந்தப் பகுதியை அப்படியே எனக்கு அனுப்பு.

அன்புடன்,
உன் அக்கா